குன்வோரின் எதிர் நாற்காலி

மாலை நான்கு மணிதான். ஆனால் ஜனவரி. துருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் நவம்பரில் போன சூரியன் இன்னும் திரும்பவில்லை. பேருந்தை விட்டு இறங்கினால் முதியோர் இல்லம் வரை கடலோரமாக ஒரு கிலோமீட்டர்... ஒரு வீடு கிடையாது. சில்யே தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவாள். இதோ, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே ஊலா, அவள் அவனுடைய அக்கா மகள்.

அவள் வேலை பார்ப்பது மறதி நோய்க்காரர்களின் பிரிவில். எட்டுப் பேர். அங்கே பணிப்பெண்ணும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடுவது எப்படி என்பதையே மறந்தவர்கள், அவள் வாயைப் பார்த்துத் தாங்களும் சாப்பிடுவார்கள். முடிந்ததும் தட்டைப் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். முழுவதும், பாதி, ஒன்றுமில்லை.

குன்வோருக்கு எண்பத்தெட்டு வயது. அவள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை, கரண்டியைத் தொடவில்லை. ஒன்பது நாளாக... வேளைக்கு இரண்டு மிடறு பால், அவ்வளவுதான். எடை நாற்பத்தாறு கிலோ. இன்னும் இறங்கினால் பிழைக்க மாட்டாள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சில்யேவுக்கு அந்தக் கிழவி மேல் உயிர்.

"ஒரே ஒரு வாய், குன்வோர். எனக்காக."

"அவர் இன்னும் உட்காரலையே. அவர் கை வைக்காம நான் எப்படிடி சாப்பிடறது?"

அவர் என்றால் ஹால்வார்ட், அவள் புருஷன். முப்பத்தொரு வருடத்துக்கு முன் மீன்பிடிக்கப் போனவன். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை.

சில்யே எதிரே ஒரு நாற்காலியைப் போட்டாள். அதற்கு முன்னால் ஒரு காலித் தட்டையும் வைத்தாள். குன்வோரின் முகம் மலர்ந்தது. இனித் தானாகவே சாப்பிடுவாள் என்று சில்யே மற்ற மேசைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தால்... மீன், உருளைக்கிழங்கு, உருக்கிய வெண்ணெய், எல்லாம் வழித்தெடுத்த மாதிரி காலி. மறுநாளும் அப்படியே.

"கெட்டிக்காரிதான்! செத்தவனக் கூப்பிட்டு வந்து கிழவியச் சாப்பிட வெச்சுட்டியே" என்று தலைமைத் தாதி பெரித் கேலி செய்தாள்.

திங்கட்கிழமை எடை பார்த்தார்கள். நாற்பத்து நான்கு.

மெஷின் மேல் பழி போட்டார்கள். வேறு மெஷின் வந்தது. அடுத்த திங்கள், நாற்பத்திரண்டு. தாளில் மட்டும் வரிசையாக 'முழுவதும்'. எனக்கு இந்தத் தாள் எழுதுகிறவர்களைக் கண்டாலே எரிச்சல். தட்டைப் பார்ப்பார்கள், வாயைப் பார்க்க மாட்டார்கள்.

அன்று சில்யே கதவோரம் நின்று பார்த்தாள். குன்வோர் கரண்டியில் மீனை எடுத்தாள். ஊதி ஆற்றினாள். மேசைக்கு மேலாக எதிரே நீட்டினாள்... கரண்டி காலியாகத் திரும்பியது. மடக்கென்று ஏதோ விழுங்கும் சத்தம். ஈரக் கம்பளி நாற்றம்.

"குன்வோர்... அது நீங்க சாப்பிட வேண்டியது."

"பாவம்டி. கடல்ல ஒண்ணும் கிடைக்கலையாம்."

சில்யே நாற்காலியைத் தூக்கினாள். இருக்கை நனைந்திருந்தது. பின்கதவைத் திறந்து பனியில் வீசிவிட்டு வந்தாள். குன்வோர் அருகில் உட்கார்ந்து, தன் தட்டை இழுத்து, ஒரு வாய் சாப்பிட்டாள்.

குன்வோர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கரண்டியை எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

சில்யே அழுதே விட்டாள்.

"அப்பாடா... கை வெச்சுட்டார்" என்றாள் குன்வோர்.

அது நடந்து ஒரு மாதம் ஆகிறது. குன்வோர் இப்போது ஐம்பத்தோரு கிலோ. கன்னம் கூடச் சிவந்திருக்கிறது. மீதியை ஊலாவே சொல்லட்டும்.

"லீவு போடுன்னு கெஞ்சிட்டேன். நான் போகலன்னா அவங்க சாப்பிட மாட்டாங்க மாமான்னு சொல்றா. என் வீட்டுலயும் மூணு தடவ வாங்கி வாங்கிச் சாப்பிடறா... பசி அடங்கல. போன மாசம் ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவ. நேத்து அவள நிறுத்துப் பாத்தோம். முப்பத்தொன்பது." ஊலா எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நாளைக்கும் நாலு மணிக்கு வேலை அவளுக்கு."