அக்காவின் ஃபோல்டருக்கு அனுமதி

இல்ல தம்பி, ஐ.டி. ஹெல்ப்டெஸ்க்ல நீங்க சொல்றதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி. அதெல்லாம் விண்டோஸ்ல. எங்கக்கா கம்ப்யூட்டர் லினக்ஸ். லினக்ஸ்ல அப்படி ஒரு பொத்தானே கிடையாது.

நம்ம கம்பெனி கைடைப் பாருங்களேன். கிளவுட் ஃபோல்டருக்கு அனுமதி தர்றது எப்படின்னு இருபத்திரண்டு பக்கம், முப்பது படம். முப்பதும் விண்டோஸ். உலகத்துல வேற மிஷினே பொறக்கல போல. ஆமா, எண்ணினேன். எனக்கு அப்படி ஒரு வியாதி.

அக்கா இதே ஆபீஸ்தான், ரெண்டாவது மாடி, டெஸ்டிங். தொண்டையில ஆபரேஷன், குரல் போயிடும்னு டாக்டர் சொன்னதும், மகளுக்காக நாப்பது மணி நேரம் பேசிப் பதிவு பண்ணி அந்த ஃபோல்டர்ல வெச்சா. என்னையும் திறக்க விடுன்னு ஆஸ்பத்திரிக்கு மெசேஜ் போட்டேன். கைடைப் பாத்துட்டு, அங்கிருந்தே லேப்டாப்ல, லினக்ஸ்ல எப்பவும் போடற கட்டளையைப் போட்டிருக்கா. மிஷினும் முணுமுணுக்காம வாங்கிக்கிச்சு. மேல கிளவுட்ல மட்டும் ஒண்ணுமே மாறல. குடுத்தாச்சுடான்னு எனக்குப் பதில் வந்துது. நான் திறந்து பாக்கல தம்பி. அவ உயிரோட இருக்கும்போதே அதைக் கேக்க மனசு வரல. ஆபரேஷன் முடிஞ்சு ஒன்பதாம் நாள் போய்ட்டா. அன்னைக்கே அவ லாகினையும் மூடிட்டாங்க.

ரூல் தெரியும். இறந்தவங்க ஃபோல்டரை நீங்க திறக்கக் கூடாது, அழிக்கலாம். அஞ்சு மணிக்கு அழிச்சிடுவீங்க. உங்க மேல கோபமில்ல. உங்க மேலதிகாரிகிட்டயும் போய் நின்னேன். சட்டப் பிரிவுல கேக்கணும், நாலு வாரம் ஆகும்னார். இப்ப மணி நாலு இருபது. அக்கா பொண்ணு கீழ ரிசப்ஷன்ல பென்டிரைவோட உக்காந்திருக்கா. இன்னும் எவ்வளவு நேரம் மாமான்னு மூணு தடவை கேட்டாச்சு.

என்ன? கைடுல லினக்ஸுக்கு ஒண்ணுமே இல்லையாவா? இருக்கே. கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு வரி. பிற கணினிகளிலும் வழிமுறை ஏறக்குறைய இதுவே. பிழையில்லாத வாக்கியம். ஏறக்குறையன்னா, எழுதினவன் செஞ்சு பாக்கலைன்னு அர்த்தம்.

எழுதினது நான்தான். லினக்ஸ் மிஷினுக்கு ரெண்டாவது மாடி ஏறணும், சோம்பல். கைடு வந்த அன்னைக்கே அக்காதான் ஃபோன்ல கேட்டா, லினக்ஸ்ல செஞ்சு பாத்தியாடான்னு. பாத்தேன்க்கான்னு சொன்னேன்.