வாடகை வீட்டு வாஷ்பேசின்

"இன்னிக்குப் பாக்கப் போற வூட்டுல, நீங்க மட்டும் பாத்ரூமுக்குள்ள போவாதீங்க."

விருத்தாசலம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண், பக்கத்திலிருந்த கணவனிடம் சொன்னாள். அவன் சட்டையில் பீங்கான் கம்பெனியின் வெள்ளைத் தூசி ஒட்டியிருந்தது.

"ஏன், போனா என்ன?"

"போன வாரம் என்ன பண்ணீங்க? நமக்குக் கட்டுப்படியாவற வாடகையில கெடச்ச ஒரே வூடு. ஸ்கூலும் பக்கத்துல. நீங்க வாஷ்பேசினத் தட்டிப் பாத்துட்டு, ஓனருகிட்டயே கீறல் இருக்குதுன்னு சொல்றீங்க."

"சத்தம் சரியா வரல. கம்பெனில நாளெல்லாம் அதத்தானே தட்டிக்கிட்டு இருக்கேன், கை சும்மா இருக்குமா?"

"சம்பளம் குடுக்குற எடத்துல தட்டுங்க. வூடு கேக்கப் போற எடத்துல தட்டாதீங்க."

அவள் போன் அடித்தது. "சரிங்க, சொல்றேங்க" என்று மட்டும் பேசிவிட்டு வைத்தாள்.

"அந்த ஓனருதான். நீங்க சொன்னதுலேர்ந்து அவருக்கு மனசே சரியில்லியாம். புது பேசின் வாங்கப் போறாராம். நீங்க கூட வந்து தட்டிப் பாத்துக் குடுக்கணுமாம்."

"அப்ப வூடு நமக்குத்தானே?"

"வேற ஆளுக்கு விட்டாச்சாம்."

அவன் கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"எத்தன மணிக்கு வரணுமாம்?"