நிரந்தர முகவரி

விளக்கு எரியட்டும். கதவை மட்டும் சாத்திவிட்டு இப்படிக் கிட்ட வாருங்கள். இது என் சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

அதிகாலை மூன்றே முக்கால். துறைமுகத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலை. ஒரு பக்கம் கிடங்குச் சுவர், மறுபக்கம் கடல். நடுவில் அந்தச் சித்தப்பா செருப்பில்லாமல் ஓடி வருகிறார். கையில் நனைந்த தாள் ஒன்று…

கடலோர ரேடியோ அலுவலகத்தில் அவருக்கு வேலை. பகலில் படகுகளின் ரேடியோவுக்கு லைசென்ஸ் கொடுப்பார். ராத்திரி முறை வந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடலில் யாராவது உதவிக்குக் கூப்பிடுகிறார்களா என்று கேட்பார். ஊரில் அவர் பெயர் 'சட்டம்'. சட்டம் வருது, சட்டையை இழுத்துவிடு என்று சக ஊழியர்களே கிண்டல் செய்வார்கள்.

படகிலேயே குடியிருந்த ஒரு பெண், பாய்மரத் துணி தைத்துப் பிழைப்பவள், லைசென்ஸைப் புதுப்பிக்க வந்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. மனுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. நிரந்தர முகவரி.

"படகுதான் சார் வீடு."

"படகு நகரும்மா. நகர்றதெல்லாம் முகவரி ஆகாது. கரையில சொந்தக்காரங்க யாராவது?"

"யாரும் இல்ல சார்."

மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் திருப்பி அனுப்பினார். லைசென்ஸ் காலாவதியானது.

அதற்குப் பதினோராம் நாள் ராத்திரி, காற்றும் மழையும். ரேடியோவில் அவள் குரல். படகின் எண்ணைச் சொன்னாள். "தண்ணி உள்ள வருது சார்… பாப்பா இருக்கா…"

முழுகுகிறவனிடம் லைசென்ஸ் கேட்கக் கூடாது. அந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த விதி அது. இந்த மனிதருக்குத் தெரியாதா? ஆனால் அவர் பட்டியலைப் பார்த்தார். அந்த எண் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

"லைசென்ஸ் இல்லாதவங்க பேசக் கூடாது. சேனலை விடும்மா" என்றார். ஒலியைக் குறைத்தார்.

விடிந்தபோது படகு கவிழ்ந்து மிதந்தது. 'அழைப்பு எதுவும் வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்ததற்குப் பாராட்டுக் கடிதம் வேறு. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

சரியாக ஒரு வருஷம். அதே ராத்திரி முறை. வெளியே மழையில்லை, காற்றில்லை. திடீரென்று அறைக்குள் டீசல் வாடை… ஈரத் துணி வாடை. ஹெட்போனில் 'கிர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். பிறகு அந்தக் குரல், அதே படகு எண்ணோடு.

"முகவரி எழுதிட்டேன் சார்."

மேசையில் அவளுடைய பழைய மனு கிடந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மையோ கலையவில்லை. காலியாக இருந்த கட்டத்தில் இப்போது அவருடைய வீட்டு எண், அவருடைய தெரு.

வீட்டில் மனைவி தனியாக இருந்தாள். அதனால்தான் அந்த ஓட்டம்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். உள்ளேயிருந்து தளக்… தளக்… என்று பலகையில் தண்ணீர் மோதும் சத்தம். ஒரு குழந்தை இருமியது.

"நான்தான்… கதவைத் திற."

"முகவரி சொல்லுங்க சார்."

வீட்டு எண்ணைச் சொன்னார். தெருவைச் சொன்னார்.

"அது எங்க வீடு சார். கரையில சொந்தக்காரங்க யாராவது?"

எதிர்வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தாராம். தெரு காய்ந்து கிடந்தது. சட்டம் மட்டும் வாசலில் முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, நீந்துகிறவர்போல் இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து அவரும் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

காலையில் மனைவி எழுந்து கதவைத் திறந்தாள். ராத்திரி அவள் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. அவர் படிக்கட்டில் சாய்ந்து கிடந்தார். சட்டையில் பொட்டு ஈரமில்லை. நெஞ்சு நிறையக் கடல் தண்ணீர் என்றார் டாக்டர்.

மூடிய கையைப் பிரித்து அந்தத் தாளை எடுத்தார்கள். அதே மனுதான், காய்ந்து மொடமொடவென்று இருந்தது. ஆனால் எழுத்து இப்போது அவருடையது. பெயர், வயது, தொழில்… எல்லாம் அவருடையவை.

முகவரிக் கட்டம் மட்டும் காலி.