சுஜீந்திரன் வெளியிடாத பதினோரு நிமிடங்கள்

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் கவிப்ரியா அவர்களே, மேடையிலிருக்கும் எழுத்தாள நண்பர்களே, நாடக அன்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி மயூரா சுஜீந்திரன் அவர்களே, வேலை முடிந்த கையோடு இந்த சிராங்கூன் சாலை மாடிக்கு ஏறி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஒதுக்கியிருப்பது ஏழு நிமிடம். இந்தக் கோவிந்தசாமி மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் கவிப்ரியா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறார். நல்லது. கண்கலங்கப் பேசக்கூடியவர்கள் எனக்கு முன்பே பேசிவிட்டார்கள். எனக்கு அது வராது. தெரிந்ததைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

உரையாடல் செம்மல் சுஜீந்திரன்! இந்தப் பட்டத்தை நம் சங்கம் கொடுத்தபோது, "செம்மல்னா என்ன அண்ணே, சம்பளம் ஏறுமா?" என்று என்னிடம் கேட்டவர் அவர். பகலில் காப்புறுதி நிறுவனத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோ பாயோ வீட்டில் கலைஞர்களை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவுசெய்து, 'எதிர் நாற்காலி' என்ற பெயரில் இணையத்தில் ஒலிபரப்புவார். பதினாறு ஆண்டுகள். நூற்று நாற்பத்து மூன்று பேர். திரைப்படக்காரர், நாடகக்காரர், எழுத்தாளர், ஓவியர், யாரை விட்டார்?

அந்த வீட்டில் பேசப் போனவர்களுக்குத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிடுவார். ஃபிரிட்ஜின் இரைச்சல் பதிவில் விழும் என்று அதையும் பிடுங்கிவிடுவார். கீழே பழைய சாமான் வாங்குபவர் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தால், அவர் அடுத்த புளோக்குக்குப் போகும்வரை எல்லோரும் வியர்வையோடு காத்திருக்க வேண்டும். பேச்சு முடிந்ததும் ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிடுவார். "கலையை வளர்க்கிறேன்னு சொல்லி என் மீனையெல்லாம் கெடுத்துட்டீங்க லா" என்று மயூரா சத்தம் போடுவதும் ஒன்றிரண்டு பதிவுகளில் கேட்கும். அதை மட்டும் அவர் வெட்டியதே இல்லை.

படிக்காமல் அவர் யாரிடமாவது பேசியதுண்டா? பார்க்காமல் ஒரு படத்தைப் பற்றிக் கேட்டதுண்டா? துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் வெங்கடேஷ், விடுதியில் ஓய்வு நேரத்தில் சிமெண்டுப் பை காகிதத்தில் படம் வரைகிறவர். அவரோடு பேசுவதற்கு முன், மூன்று ஞாயிறு துவாஸுக்குப் பேருந்தில் போய் அத்தனை படங்களையும் பார்த்துவிட்டு வந்தார் சுஜீந்திரன். "என்கிட்ட இவ்வளவு கேள்வி யாருமே கேட்டதில்ல சார்" என்று வெங்கடேஷ் பதிவிலேயே சொல்கிறார். பெரிய பரிசு வாங்கிய நாவலாசிரியருக்கும் அவரிடம் அதே தயாரிப்புதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இனி, அவருடைய ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வந்ததே அதற்காகத்தான்.

பேச வந்தவர் அங்கே இல்லாத ஒருவர்மேல் குறை சொன்னால், அந்த இன்னொருவரிடம் நேரில் போய் அதைப் போட்டுக் காட்டுவார். அவர் தன் பதிலைச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் வெளியே வரும். பதில் வராவிட்டால் அந்தப் பேச்சே வராது. இதற்கு நடுவில் ஒருவர் சொன்னதை இன்னொருவரைத் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடமாட்டார். எதற்கு இத்தனை பாடு என்று கேட்டால், "எதிர்ல உக்காந்திருந்தா அப்படிப் பேசியிருப்பாங்களான்னு தெரியணும்ல" என்பார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஈசூனில் என் வீட்டுக்கு அப்படி ஒரு பதிவோடு வந்தார். நம் மூத்த நாடக நடிகை வள்ளிநாயகி அவர்கள் பேசிய பதினோரு நிமிடங்கள். அவர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

'பன்னிரண்டாம் தளம்' என் நாடகம். எனக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த நாடகம். அதில் மருத்துவமனை வாசலில் ஒரு தாய் பேசும் காட்சியைத்தான் எல்லோரும் பாராட்டுவார்கள். அந்தக் காட்சிக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரிதான், 'தாய் அழுகிறாள்' என்று. வள்ளிநாயகி அழவில்லை. தன் அம்மா பேசியதை நினைவுபடுத்திக்கொண்டு மூன்று மாலை ஒத்திகையில் பேசிப் பேசி அந்தக் காட்சியை உண்டாக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். புத்தகம் வந்தபோது என் பெயர் மட்டும் இருந்தது. இதைத்தான் அவர் பதிவில் சொல்லியிருந்தார், கோபமே இல்லாமல்.

கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நடிக்கிறவங்க பேசுறதெல்லாம் எழுத்தாகிடுமா? போய்யா." சுஜீந்திரன் முகம் சுளிக்கவில்லை. "சரி அண்ணே. நீங்க எப்ப பேசுறீங்களோ அப்ப போடுறேன்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைபேசி வரும். வாழ்த்துச் சொல்வார். பிறகு, "பேசலாமா அண்ணே?" என்பார். நான், "அடுத்த வருஷம் பாப்போம்" என்பேன். ஏழு பொங்கல்! இந்த ஆண்டு மருத்துவமனைப் படுக்கையிலிருந்து கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. அப்போதும் அடுத்த வருஷம் என்றேன். அது எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் நினைத்திருந்தால் என்னைக் கேட்காமலே வெளியிட்டிருக்க முடியாதா? ஊரே கேட்டிருக்குமே! செய்யவில்லை. என் பிடிவாதத்துக்கு அவர் கொடுத்த விலை என்ன? அவர் என்னிடம் வந்து கேட்டதே தெரியாமல், சங்கத்துக்குப் பயந்து, எனக்குப் பயந்து அதை மூடி வைத்துவிட்டார் என்று வள்ளிநாயகி நினைத்தார். சுஜீந்திரனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் தெருவைக் கடந்து போனார். காரணம் நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பழி தீர்ந்திருக்கும். சுஜீந்திரன் சொல்லவில்லை. பிறர்மேல் குறை சொன்னால் அவரும் எதிரே இருக்க வேண்டும் என்ற சட்டத்தைத் தனக்கும் போட்டுக்கொண்டார் போலும்.

போன வாரம் மயூரா என்னைக் கூப்பிட்டார். "எல்லாப் பதிவையும் அடுத்த மாசம் காப்பகத்துக்குக் கொடுக்கிறோம். ஒரே ஒரு ஃபைல் மட்டும் வெளியில போடாம வச்சிருக்கார். மேல உங்க பேர் எழுதியிருக்கு. நான் அதைப் போட்டுக் கேக்கல. என்ன செய்யட்டும் அண்ணே?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏழு ஆண்டு யோசித்தது போதாதா?

கவிப்ரியா கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் உறுதி சொன்னார்கள். புதியவர்கள் தொடரட்டும். முடிக்காமல் விட்ட ஒரு வேலை என்னால் நின்றது. அதை முடிக்க வேண்டியவன் நான். மயூரா, இந்தக் கூட்டத்தைப் பதிவுசெய்கிறார்கள். இப்போது நான் சொல்வதை அந்தப் பதினோரு நிமிடங்களோடு சேர்த்து வெளியிடுங்கள். மருத்துவமனை வாசல் காட்சி வள்ளிநாயகி உருவாக்கியது. நான் அதை எழுதி எடுத்துக்கொண்டவன். அடுத்த பதிப்பில் அவர் பெயர் இருக்கும். பதிப்பகத்துக்கு நேற்றே கடிதம் கொடுத்துவிட்டேன்.

வள்ளிநாயகி அம்மா, நீங்கள் ஏழு வருஷமாகப் பேசாமல் இருந்தது தப்பான ஆளிடம். பயந்தவர் சுஜீந்திரன் இல்லை. நான்தான்.