வால் வந்தாச்சு

நீங்கள் இவ்வளவு சத்தமாகப் பேச வேண்டியதில்லை ஐயா. எனக்கு முழங்கால்தான் சரியில்லை. காது நன்றாகக் கேட்கும். பக்கத்து அறையில் உங்கள் போலீஸ்காரர் ஒருவர் போனில், "இன்னிக்கு நீயே பிள்ளையக் கூட்டிட்டு வந்துடு, எனக்கு வேலை முடியல" என்கிறார். தினமும் இதைத்தான் சொல்கிறார் போலிருக்கிறது; குரலில் பழக்கம் தெரிகிறது.

எங்கள் குழுவில் இருக்கிற மருந்துக்கடைக்காரர் உங்களிடம் என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். "பாவம் சார், வயசானவங்க. காது மந்தம். அவ கூப்பிட்டது கேட்டிருக்காது." நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்லியிருக்கிறார். அதைத் திருத்திவிட்டுப் போகத்தான் வந்தேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நண்பர்கள் சேர்ந்து மலை ஏறுவோம். காலை பஸ்ஸில் போவோம். உச்சியில் உட்கார்ந்து, பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே கொண்டுபோனதைப் பகிர்ந்து சாப்பிடுவோம். வெயில் சாய்வதற்குள் அடிவாரத்து டீக்கடைக்கு இறங்கிவிடுவோம். முன்னால் போகிறவர் டிரில் வாத்தியார். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் விசில் ஊதுகிற வாய் இன்னும் ஓயவில்லை. கடைசியில் வருகிறவள் நான். எங்கள் பேச்சில் அதற்கு 'வால்' என்று பெயர்.

வாலுக்கு இரண்டே வேலை. ஒவ்வொரு வளைவிலும் வாத்தியார் "வால்?" என்று கூப்பிடுவார். "வந்தாச்சு!" என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாரும் எனக்கு முன்னால் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இன்னொன்று, யாராவது பாதையை விட்டு ஒதுங்கினால் தங்கள் பையைப் பாதையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். பை கிடந்தால் வால் அதைத் தாண்டக் கூடாது. ஆள் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். மழையில்கூட நின்றிருக்கிறேன்.

இந்த வேலையை எனக்குக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். முகம் தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள், நான் பதில் சொல்வேன். பிறகு மெஷின் வந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் என்னைக் கூப்பிட யாரும் இல்லை. அந்த மலையில்தான் மறுபடி ஒருவர் கூப்பிட்டார்.

பேக்கரிக்காரியைப் பற்றிக் கேட்டீர்கள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். தனி ஆள், கலகலப்பானவள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் எனக்கென்று இனிப்பில்லாத பன் ஒன்றைத் தனியாகச் சுட்டு, காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவாள். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அன்றைக்கு உச்சியில் சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இறங்கும்போது உங்க முழங்கால் போடற சத்தம் முன்னாடி போற எனக்கே கேக்குது. பழைய கதவு தோத்துடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எதுக்கு இந்தக் கஷ்டம்? அடுத்த மாசத்துலேர்ந்து நான் வாலா வர்றேன். நீங்க நடுவுல ராணி மாதிரி வாங்க."

வாத்தியார், "நல்ல யோசனைதான், முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்றார். மருந்துக்கடைக்காரர் என் பக்கம் ஒரு ஆரஞ்சுச் சுளையை நீட்டினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது.

நடுவில் நடப்பவர்களை யாரும் கூப்பிடுவதில்லை ஐயா.

இறங்கும்போது பனிமூட்டம் வந்தது. அந்த மலையில் அப்படித்தான், கண் மூடித் திறப்பதற்குள் முன்னால் போகிறவர் காணாமல் போய்விடுவார். ஒரு வளைவில் அவளுடைய பச்சைப் பை பாதையோரமாகக் கிடந்தது. நான் முறைப்படி நின்றேன். கொஞ்ச நேரத்தில் புதருக்குக் கீழேயிருந்து சறுக்குகிற சத்தம், கல் உருளுகிற சத்தம். பிறகு அவள் குரல்.

"அக்கா, சிரிக்காதீங்க. கால் மடங்கிடுச்சு, எழுந்திருக்க முடியல."

நான் சிரிக்கவில்லை.

"அக்கா, வந்து ஒரு கை குடுங்க. இல்ல, வேணாம், உங்க முழங்காலுக்கு இந்தச் சரிவு ஆகாது. வாத்தியாரைக் கூப்பிடுங்க."

யோசித்துப் பாருங்கள். அவள் சொன்னது நியாயம்தான். என் முழங்கால் அந்தச் சரிவில் இறங்காது. வாத்தியாரைக் கூப்பிட்டால் வருவார், தூக்குவார். கீழே போனதும் எல்லாரும் என்ன சொல்வார்கள்? பார்த்தீர்களா, அக்காவால் முடியவில்லை என்பார்கள். ஒரு குறையும் வைக்காமல் இத்தனை காலம் செய்த வேலையை, அந்த ஒரு நாளை வைத்து எடுத்துவிடுவார்கள்.

"அக்கா, இருக்கீங்கல்ல?"

நான் இருந்தேன்.

அப்போதுதான் கீழ் வளைவிலிருந்து வாத்தியார் கூப்பிட்டார், "வால்?" ஒரே நேரத்தில் இரண்டு குரல். எக்ஸ்சேஞ்சில் இது தினமும் நடப்பது. பதறக் கூடாது, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். நான் வாத்தியாரை எடுத்தேன்.

"வந்தாச்சு!"

அவளும் கத்தினாள். மூட்டத்தில் என் குரல்தான் எட்டும். பழகிய குரல் இல்லையா.

பை பாதையில் கிடந்தால் வால் தாண்டக் கூடாது என்றேனே, அதனால் அதை எடுத்துக்கொண்டேன். என் பை பெரியது, உள்ளே வைக்க இடம் இருந்தது. இதோ கொண்டுவந்திருக்கிறேன். டார்ச், கம்பளிச் சட்டை, போன் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பன் மட்டும் இருக்காது. இறங்குகிற வழியில் எனக்குப் படபடவென்று வந்தது, சர்க்கரை குறைந்திருக்கும். எனக்காகச் சுட்டதுதானே என்று சாப்பிட்டுவிட்டேன்.

டீக்கடையில் வாத்தியார் கேட்டார். "பேக்கரி எங்க?"

"கிளைப்பாதையில இறங்கிட்டா. கடைக்கு மாவு மூட்டை வருதாம், அவசரமா போகணும்னா."

"சொல்லாம கொள்ளாம போறவ இல்லையே."

"என்கிட்ட சொன்னாளே."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வாலின் பேச்சை எங்கள் குழுவில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. அந்த மரியாதையை நினைத்தபோது எனக்குக் கண்கூடக் கலங்கியது. மருந்துக்கடைக்காரர் ஏதோ கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. அதை வைத்துத்தான் காது மந்தம் என்று முடிவுகட்டியிருக்கிறார்.

மறுநாள் பேக்கரி திறக்காததைப் பார்த்துத் தேடப் போனார்கள். கண்டுபிடித்தபோது பாதைக்கு வெகு பக்கத்தில் வந்திருந்தாளாம். கையை ஊன்றி ஊன்றியே ஏறியிருக்கிறாள். கால் முறிந்ததில் சாகவில்லை, குளிரில் செத்தாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தக் கம்பளிச் சட்டை நல்ல கனம். நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இப்படி என்னைப் பார்க்கிறீர்கள்? தண்ணீர் வேண்டாம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. முதல் தடவையும் கேட்டது, கடைசித் தடவையும் கேட்டது. இரண்டு வளைவு தாண்டிய பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலை, நான் குறுக்கே வரவில்லை. காது கேட்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வாத்தியார் காதுக்கு அது போனால், அடுத்த மாதம் என்னை நடுவில் நடக்கச் சொல்லிவிடுவார்.