கண்ணாடிக்குள் ஈரம்

டீ வேண்டாம், சார். எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை போடாத டீ தொண்டையில் இறங்காது. நீங்கள் குடியுங்கள், நான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

என் பெயர் ஆறுமுகநயினார். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, குடிதண்ணீர் ஏற்றிக் கொடுக்கும் தொழில். கப்பலுக்குள் போய்வந்த பழக்கத்தில்தான் பழைய கைக்கடிகாரங்கள் மேல் பைத்தியம் பிடித்தது. மாலுமிகள் கையில் அருமையான கடிகாரங்கள் இருக்கும். மில்லர்புரம் வீட்டில் ஓர் அறையே அவற்றுக்காக ஒதுக்கியிருக்கிறேன். எதையும் ஏமாற்றி வாங்கியதில்லை.

ஜெரால்டு ரோச் வாழ்நாளெல்லாம் கப்பலில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் இருந்தது அறுபதுகளில் செய்த ரோலக்ஸ் சப்மரைனர். கறுப்பாக இருந்த அதன் முகம் கடல் வெயில் பட்டுப் பட்டுக் கருப்பட்டி நிறத்துக்குப் பழுத்திருந்தது. அந்த நிறத்தை யாராலும் பூச முடியாது. அவர் வேலை பார்த்த முதல் கப்பலின் தலைமை எஞ்சினியர், கல்யாணப் பரிசாகத் தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது. பின்மூடியில் ஜெரால்டு தன் மனைவி மெட்டில்டாவின் பெயரைக் கீறி வைத்திருந்தார். அது ஒன்றுதான் குறை.

நல்ல மனிதர். கிறிஸ்துமஸுக்கு நான் அவர் வீட்டில் சாப்பிடுவேன், பொங்கலுக்கு அவர் என் வீட்டில். கடிகாரத்தைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பார். “நான் செத்த பொறவு மெட்டில்டாகிட்ட கேளு நயினாரு. அவ குடுத்தா வாங்கிக்க.” நான் அவளிடம் முன்கூட்டியே கேட்டேன். “அது அவரு கையோட குழிக்குள்ள போகட்டும் அண்ணாச்சி” என்றாள்.

அப்படி ஒரு பொருளை மண்ணுக்குள் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை நினைத்துப் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதற்காகக் கவலைப்பட யாராவது ஒருவர் வேண்டும் அல்லவா.

அன்று காலை அவருடைய வள்ளத்தில் முயல் தீவுப் பக்கம் தூண்டில் போடப் போனோம். நாங்கள் இருவர்தான். கரைக்குத் திரும்பப் புறப்படும் நேரத்தில் நங்கூரத்தை இழுத்தவர் தடுமாறிக் கடலில் விழுந்தார். நான் தள்ளவில்லை, அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கயிறு காலில் சுற்றிக்கொண்டது, நீந்த முடியவில்லை. வலது கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடது கையை என்னிடம் நீட்டினார். “ஏலே நயினாரு, பிடிலே.” குரலில் பயமே இல்லை. நான் இருக்கிறேன் என்ற தைரியம்தான்.

எட்டிப் பிடிப்பதற்குள் முங்கிவிட்டார் என்று கரையில் சொன்னேன். மறுநாள் உடல் ஒதுங்கியது. மணிக்கட்டில் வெளுத்த வளையம் மட்டும் இருந்தது. கடல் கழற்றிக்கொண்டது என்றார்கள். மெட்டில்டா மட்டும், “அந்தக் கொக்கி தானா தொறக்காதே” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது சரி. நகத்தை உள்ளே கொடுத்துத் தூக்கினால்தான் திறக்கும்.

பின்மூடியில் இருந்த பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டு, கடிகாரத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். அது கை அசைவில் ஓடுகிற ஜாதி. கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். ஒரு வாரம் கழித்துத் திறந்தேன். ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமும் ஓடிக்கொண்டிருந்தது. இழுப்பறையை யார் திறந்தது என்று என் மனைவி சீனித்தாயிடம் கேட்டேன்.

“நீங்கதான். தூக்கத்துல எந்திச்சுப் போயி கட்டிட்டு வந்து படுக்கிய. விடியதுக்கு முன்ன கொண்டு வச்சிருதிய,” என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, “எடது கைய மேல தூக்கி நீட்டிக்கிட்டே தூங்குதிய. எறக்கி விட்டாலும் எறங்க மாட்டுக்கு” என்றாள்.

அன்று பகலில் நானே அதைக் கட்டிப் பார்த்தேன். உடம்புச் சூடு பட்டதும் கண்ணாடிக்கு உள்ளே ஈரம் படர்ந்தது. முள் தெரியவில்லை. கழற்றியதும் தெளிந்தது. பிரித்து உலர்த்தினேன், அரிசிக்குள் புதைத்து வைத்தேன். திரும்பக் கட்டினால் திரும்ப ஈரம். இதற்கெல்லாம் விஞ்ஞானக் காரணம் உண்டு, சார். எனக்கும் தெரியும். ஆனாலும் அதைக் கட்டியிருக்கும்போது என் விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் வெளுத்துச் சுருங்கின.

ஜெரால்டின் முப்பதாம் நாள் பூசைக்கு அதை ஏன் கட்டிக்கொண்டு போனேன் என்று கேட்டீர்கள். கட்டியிருந்ததே எனக்குத் தெரியாது. பூசை முடிந்து வீட்டில் மெட்டில்டா காப்பித் தம்ளரை நீட்டினாள். வாங்கும்போது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

“போகாது அண்ணாச்சி. தண்ணி உள்ளல்லா நிக்கி” என்றாள்.

அதற்குப் பிறகு நீங்கள் வந்தீர்கள்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவர் மணிக்கட்டு என் பிடிக்குள் நன்றாகவே இருந்தது. மெலிந்த ஆள், இழுத்திருந்தால் ஏறியிருப்பார். ஆனால் ஒவ்வோர் அலைக்கும் கடிகாரம் தண்ணீருக்குள் போய்வந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எத்தனை வயதானதோ. உப்புத் தண்ணீர் போனால் அந்த முகம் அவ்வளவுதான். முதலில் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. கொக்கியைத் திறந்து கழற்றினேன். துண்டால் துடைத்து, சட்டைப் பைக்குள் போட்டு, பொத்தானை மாட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நீயே வச்சுக்க நயினாரு. என்னையத் தூக்கு” என்றார்.

கரை ஏறினால் மனசு மாறிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. மனிதர்கள் அப்படித்தான். விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வலிக்காமல்தான் எடுத்தேன்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், சார். திருட்டு என்று மட்டும் எழுத வேண்டாம். அதை அவர் தன் வாயால் எனக்குக் கொடுத்தார்.