சைபர் கொடுத்தா ஆன்

— இன்னொரு தடவ ஆஃப் அமுக்கு பாப்பா.

— அமுக்கிட்டேங்கண்ணா. போன்ல பாருங்க, ஆஃப்னு செவப்பாக் காட்டுது.

— போன் காட்டுது. என் டெஸ்டர் எரியுதே. இந்தப் பொட்டியக் கொண்டுபோயி அர்த்தனாரி பெரியப்பனோட கரண்டு வேலியில மாட்டுனா, ஆஃப்னு நம்பிக் கம்பியத் தொடற ஆளு அங்கயே கருகிப் போயிருவான்.

— அப்படீங்களா?

— வெப்சைட்டுப் பண்ற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? மூணு மாசத்துல எத்தன போர்ட எரிச்ச?

— ரெண்டு. வெப்சைட்ல தப்புன்னா திருத்திட்டு ரெஃப்ரெஷ் அடிச்சாப் போதும். இதுல பொகையில்ல வருது. ஆனாலும் புடிச்சிருக்குங்கண்ணா. போர்டு செய்யற படம், அதுல எழுதற புரோகிராம் அத்தனையும் ஒலகத்துக்கே தொறந்து வெச்சிருக்காங்க, யாரு வேணாலும் எடுத்துக் கத்துக்கலாம். மொத நாள் ஒரு சின்ன பல்பு என் பேச்சக் கேட்டு மின்னுனப்ப அழுதுட்டேன்.

— செரி, தப்பு எங்கன்னு கேளு. சுவிட்சு வேலை பாக்கற இந்த ரிலே இருக்குதே, இது கிறுக்குப் புடிச்சது. ஒன்னு கொடுத்தா ஆன், சைபர் கொடுத்தா ஆஃப்னுதான் யாரும் நெனைப்பாங்க. இது தலைகீழு. சைபர் கொடுத்தாத்தான் ஆன் ஆகும். புதுசாக் கத்துக்கறவங்க பூராம் இதுல விழுவாங்க. மாத்தி எழுதிரு.

— வேண்டாங்கண்ணா.

— என்ன வேண்டாம்?

— தெரிஞ்சுதான் எழுதுனேன்.

— பாப்பா.

— புதுசாக் கத்துக்கறவங்க விழற தப்புன்னு இப்ப நீங்களே சொன்னீங்க. போலீசு கேட்டா நானும் அதையேதான் சொல்லுவேன்.

— மெதுவாப் பேசு. அம்மா அடுப்படியில இருக்குது.

— நானாப் போகலீங்கண்ணா, பெரியப்பாவே தேடி வந்தாரு. காட்டுப்பன்னி கெழங்கத் தோண்டுதாம். கரண்டு ஆபீஸ்காரங்க வந்தா உக்காந்த எடத்துல இருந்தே கம்பியில கரண்ட நிறுத்தணுமாம். பல்லக் காட்டிட்டு, நீதான் கண்ணு செஞ்சு தரணும்ங்கறாரு. அப்பாவப் பறிகொடுத்த எங்கிட்ட.

— அவரு செஞ்சது தப்புத்தான்.

— தப்பா? போன ஐப்பசியில அப்பா அந்த வேலியோரம் கெடந்தாரு. நான் பெங்களூர்ல இருந்து கெளம்பி, மலையில எழுபது வளைவும் ஏறி வர்றதுக்குள்ள எடுத்தாச்சு. கம்பியையும் சுருட்டியாச்சு. மாரடைப்புன்னு பெரியப்பா ஊரையே சொல்ல வெச்சாரு. உள்ளங்கை கருகியிருந்துச்சுன்னு அம்மா இன்னும் தூக்கத்துல பொலம்புது. அவரு இந்த வருசமும் அதே எடத்துல கம்பி இழுத்திருக்காரு.

— அதுக்காக ஒரு உசுர எடுப்பியா?

— எடுப்பேன். காலையில அவரு ஆஃப்னு பாத்துட்டுத்தான் கம்பியத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள நுழைவாரு. மாரடைப்பு எப்படி வரும்னு அவருக்கும் தெரியட்டும்.

— கேஸ் கொடுக்கலாம். நானே கூட வாரேன்.

— பத்து மாசம் கழிச்சா? அன்னைக்கு கேஸ் வேண்டாம்னு சொன்னதே நீங்கதான். போனது போச்சு, பங்காளிக்குள்ள எதுக்குன்னீங்க. நம்ம திருப்புலி நாட்டுல பாதி ஊட்டுக்கு லைன் இழுத்த ஆளு நீங்க. பெத்த அப்பன் கரண்டுல செத்துக் கெடக்கறாரு, பாத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வாயே தொறக்கல. அதையும் நான் மறக்கல.

— திட்டு. நல்லாத் திட்டு.

— பொட்டியக் கொடுங்க.

— தர மாட்டேன்.

— அந்தாளு மேல உங்களுக்கு அப்படி என்ன பாசம்?

— பாசமெல்லாம் இல்ல. பல்பு ப்யூஸ் போனாக்கூட அவருக்கு மாத்தத் தெரியாது, என்னத்தான் கூப்புடுவாரு.

— இருக்கட்டும். அதுக்கு?

— கரண்டுக் கம்பத்துல ஏறி அந்த வேலிக்குக் கொக்கி போட்டுக் கொடுத்தது யாருன்னு, இத்தன நாள்ல ஒரு தடவ கூட நீ கேக்கலியே பாப்பா.